பதினேழு வயதின் பிரீமியம்

1931 ஜனவரி 1 முதல் பிரிட்டனில் இன்சூரன்ஸ் இல்லாமல் கார் ஓட்டுவது குற்றம் என்றானது. அதற்கு முந்தைய ஆண்டு, தொழிற்கட்சி ஆட்சியில் போக்குவரத்து அமைச்சராக இருந்த ஹெர்பர்ட் மாரிசன் கொண்டுவந்த சாலைப் போக்குவரத்துச் சட்டம் அப்படி விதித்தது. காரணம் கண்ணெதிரே இருந்தது. 1930இல் அந்நாட்டில் ஓடிய மோட்டார் வாகனங்கள் சுமார் 23 லட்சம். அந்த ஒரே ஆண்டில் சாலை விபத்துகளில் மாண்டவர்கள் 7,000 பேருக்கும் மேல். கார் மோதிக் காலை இழந்தவர் வழக்குப் போட்டு ஜெயித்தாலும், மோதியவரிடம் பணம் இல்லையென்றால் கையில் மிஞ்சுவது தீர்ப்பு நகல் மட்டும்தான். ஆகவே அடிபடும் மூன்றாம் நபருக்கு வழி செய்துவிட்டு வண்டியை வெளியே எடு என்றது சட்டம்.

அந்த இன்சூரன்ஸ் என்ன விலைக்குக் கிடைக்க வேண்டும் என்பதைச் சட்டம் சொல்லவில்லை. வாங்கியே தீர வேண்டும் என்ற கட்டாயம் அரசுடையது. விலை வைக்கும் உரிமை தனியார் நிறுவனங்களுடையது. தொண்ணூறு ஆண்டுகளுக்கும் மேலாக நீடிக்கும் இந்த ஏற்பாட்டில், வர வர அதிகமாகத் தோள் நோகச் சுமப்பவர்கள் புதிதாக லைசென்ஸ் எடுக்கும் பதின்வயதுப் பிள்ளைகள்.

பதினேழு என்ற வயது அந்தச் சட்டத்துக்கும் மூத்தது. 1903ஆம் ஆண்டின் மோட்டார் கார் சட்டம் லைசென்ஸைக் கட்டாயமாக்கியபோதே, கார் ஓட்டக் குறைந்தபட்ச வயது 17 என்று வைத்தது. அப்போது பரீட்சை எதுவும் கிடையாது. ஐந்து ஷில்லிங் கட்டினால் லைசென்ஸ் வந்துவிடும். ஓட்டத் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை. லெஸ்லி ஹோர்-பெலிஷா அமைச்சராக இருந்தபோதுதான், 1935 ஜூன் 1 முதல், ஓட்டுநர் தேர்வு கட்டாயமானது. கட்டணம் ஏழரை ஷில்லிங். முதல் ஆண்டில் தேறியவர்கள் நூற்றுக்கு 63 பேர். எல் போர்டும் அந்த ஆண்டில்தான் பழக்கத்துக்கு வந்தது. நேற்றுவரை பழகுநர், இன்று தனியாக ஓட்டலாம் என்ற கோட்டைப் போட்டது இந்தத் தேர்வு. அந்தக் கோட்டைத் தாண்டிய முதல் சில மாதங்களே ஒரு ஓட்டுநரின் வாழ்க்கையில் ஆபத்து மிகுந்த காலம் என்பதை இன்சூரன்ஸ்காரர்கள் பின்னாளில் தங்கள் கணக்கேடுகளிலிருந்து தெரிந்துகொண்டார்கள்.

தொடக்க காலத்தில் விலையைப் பெரிய நிறுவனங்கள் கூடிப் பேசி வைத்தன. விபத்துக் காப்பீட்டு அலுவலகங்களின் சங்கம் ஒன்று இருந்தது. அதன் உறுப்பினர்கள் குறிப்பிட்ட கட்டணத்துக்குக் கீழே விற்பதில்லை என்று ஒப்பந்தம். காரின் குதிரைத்திறன், அதன் மதிப்பு, அது ஓடும் வட்டாரம் என்று கைவிரல் விட்டு எண்ணக்கூடிய சில விவரங்களை வைத்துக் கட்டணம் போட்டார்கள். அரசே 1921 முதல் ஒரு குதிரைத்திறனுக்கு ஒரு பவுண்ட் என்று சாலை வரி வாங்கிய காலம் அது. தரகர் கட்டணப் புத்தகத்தைப் புரட்டி, விரலை வரிசையில் நகர்த்தி, தொகையைச் சொல்வார். சில வாரங்களுக்குச் செல்லும் கவர் நோட்டை அங்கேயே எழுதிக் கிழித்துத் தருவார். பிறகு இன்சூரன்ஸ் சான்றிதழ் தபாலில் வரும். அதைத் தபால் நிலைய ஜன்னலில் காட்டினால்தான் கண்ணாடியில் ஒட்டும் வட்டமான வரி வில்லை கிடைக்கும்.

அந்நாளில் சொந்தக் கார் வைத்திருந்த பதினேழு வயதுக்காரர்கள் அபூர்வம். உழைக்கும் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு வாய்த்தது மோட்டார் சைக்கிள்தான். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நிலைமை மாறியது. தவணை முறையும் பழைய கார் சந்தையும் பெருகின. 1959இல் 500 பவுண்டுக்குச் சற்றுக் குறைவான விலையில் மினி வந்தது. மூன்று நான்கு கை மாறிய சின்னக் காரை ஓராண்டுக் கூலியில் மிச்சம் பிடித்து வாங்கிவிடலாம் என்ற நிலை வந்ததும், இளைஞர்களின் கவலை காரின் விலையை விட்டு இன்சூரன்ஸின் விலைக்கு மாறியது. சங்கத்தில் சேராத புதிய நிறுவனங்கள் அந்தக் கவலையைக் காசாக்க வந்தன.

அவற்றில் பெரும்பெயர் எடுத்தது ‘ஃபயர், ஆட்டோ அண்ட் மரைன்’. அதை நடத்தியவர் இலங்கையில் 1923இல் பிறந்த தமிழர் எமில் சவுந்திரா. முழுப்பெயரின் கடைசிப் பகுதி சவுந்திரநாயகம். பிரிட்டனில் இன்சூரன்ஸ் நிறுவனம் தொடங்க அப்போது 50,000 பவுண்ட் முதல் காட்டினால் போதும். 1963இல் கடையை விரித்த சவுந்திரா, சங்கத்து நிறுவனங்களைவிட வெகுவாகக் குறைத்து விற்றார். தரகர்களுக்குத் தாராளமாகக் கமிஷன் கொடுத்தார். பாலிசிகளை அச்சிட்டுத் தள்ளக் கம்ப்யூட்டரை வைத்தார். மலிவு என்ற ஒரு சொல்லுக்காகச் சம்பளக்காரர்களும் இளைஞர்களும் வரிசையில் வந்தார்கள்.

இன்சூரன்ஸ் தொழிலில் பணம் முதலில் வரும், செலவு பிறகு வரும். ஜனவரியில் வாங்கிய பிரீமியத்துக்கு அடுத்த ஆண்டோ அதற்கடுத்த ஆண்டோ நீதிமன்றம் சொல்லும் இழப்பீட்டைக் கொடுக்க வேண்டியிருக்கும். நாணயமான நிறுவனம் அந்த நாளுக்காக ஒதுக்கி வைக்கும். சவுந்திராவின் நிறுவனத்தில் ஒதுக்கி வைத்ததாகக் காட்டப்பட்ட அரசுப் பத்திரங்கள் போலி. 1966 ஜூலையில் நிறுவனம் மூழ்கியது. ஏறத்தாழ 4 லட்சம் வாகன ஓட்டிகள் ஒரே நாளில் இன்சூரன்ஸ் இல்லாதவர்கள் ஆனார்கள். பணம் கட்டி, சான்றிதழும் வைத்திருந்தவர்கள் அவர்கள்.

1967 பிப்ரவரியில் டேவிட் ஃப்ராஸ்ட்டின் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு சவுந்திரா துணிந்து வந்தார். இழப்பீடு வராமல் தவித்தவர்கள் எதிரே பார்வையாளர் வரிசையில் அமர்ந்திருந்தார்கள். நிறுவனத்தை விற்றுவிட்டபடியால் தனக்குச் சட்டப்பொறுப்பும் இல்லை, தார்மிகப் பொறுப்பும் இல்லை என்று அவர்கள் முகத்துக்கு நேரே சொன்னார். சில நாள்களில் கைதானார். 1968இல் எட்டாண்டுச் சிறைத்தண்டனையும் 50,000 பவுண்ட் அபராதமும் விதிக்கப்பட்டன. விசாரணைக்கு முன்பே ஒருவரைத் தொலைக்காட்சியில் நிறுத்திக் குறுக்கு விசாரணை செய்யலாமா என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் கவலை தெரிவித்தது. பத்திரிகைத் துறையில் அந்த விவாதம் நெடுநாள் ஓடியது. சிறையிலிருந்து வந்த சவுந்திரா 1976இல் இறந்தார்.

அவர் ஒருவரோடு கதை முடிந்துவிடவில்லை. 1968 இறுதியோடு பெரிய நிறுவனங்களின் கூட்டுக்கட்டண ஒப்பந்தமும் முடிவுக்கு வந்தது. யார் எவ்வளவு வேண்டுமானாலும் குறைக்கலாம் என்ற போட்டியில் 1971 மார்ச்சில் ‘வெஹிக்கிள் அண்ட் ஜெனரல்’ கவிழ்ந்தது. இம்முறை தெருவில் நின்றவர்கள் சுமார் 10 லட்சம் பேர். விபத்தில்லாமல் ஓட்டுபவர்களுக்கு அள்ளித்தந்த தள்ளுபடியே அந்த நிறுவனத்தின் பெருமை. அதுவே அதன் கஜானாவையும் கரைத்தது. நாடாளுமன்றம் 1975இல் பாலிசிதாரர் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. நிறுவனம் திவாலானாலும், கட்டாய இன்சூரன்ஸின் கீழ் வரும் இழப்பீடு முழுவதும் மற்ற நிறுவனங்களிடம் வசூலிக்கும் நிதியிலிருந்து கொடுக்கப்படும் என்பது அதன் சாரம். இது பெரிய பாதுகாப்பு. இரண்டு பெரும் சரிவுகளும் லட்சக்கணக்கானோரின் அலைச்சலும் அதற்கு முன்னே நடந்தாக வேண்டியிருந்தது என்பதுதான் வேதனை.

இப்போது பெற்றோர் பலரும் கேட்கும் கேள்விக்கு வரலாம். ஆயிரம் பவுண்ட் பெறாத பழைய காருக்கு அதைவிட அதிகமாக ஏன் பிரீமியம்? காரின் மதிப்பு இதில் சிறு பங்குதான். பிரிட்டிஷ் சட்டப்படி, காயத்துக்கும் உயிரிழப்புக்கும் தரும் மூன்றாம் நபர் இழப்பீட்டுக்கு உச்சவரம்பு இல்லை. பின்சீட்டில் உட்கார்ந்திருந்த நண்பனும் சட்டத்தின் கண்ணில் மூன்றாம் நபர்தான். வார இறுதி இரவில், கிராமப்புறச் சாலை வளைவில், நான்கு நண்பர்களை ஏற்றிக்கொண்டு போகும் பதினெட்டு வயதுக்காரர் கட்டுப்பாட்டை இழந்தால், முதுகுத்தண்டு முறிந்த ஒரு பிள்ளைக்கு ஆயுள் முழுவதும் பராமரிப்புச் செலவு கொடுக்க வேண்டும். அது பல மில்லியன் பவுண்ட் ஆகலாம். நிறுவனங்கள் பயப்படுவது உடைந்த பம்பருக்கு அல்ல, அந்த ஒரு வழக்குக்குத்தான். மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் மட்டும் எடுத்தால் மலிவு என்ற பழைய கணக்கும் இதனால்தான் பொய்த்தது. மலிவுக்காக அதை நாடியவர்கள் அதிகம் விபத்துக்குள்ளாகிறார்கள் என்று தெரியவந்ததும், பல நேரங்களில் முழுக் காப்பீட்டைவிட அதன் விலை மேலே போனது.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இது வியப்பாக இருக்கும். இந்தியாவின் 1939 மோட்டார் வாகனச் சட்டத்தில் மூன்றாம் நபர் காப்பீட்டுப் பகுதி பிரிட்டனின் 1930, 1934 சட்டங்களைப் பார்த்து எழுதப்பட்டது. 1946 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்தது. ஒரே வேர்தான், கிளை மட்டும் வேறு திசையில் போனது. இந்தியாவில் மூன்றாம் நபர் பிரீமியத்தை அரசு அறிவிக்கிறது. 2022இல் அறிவித்த கட்டணப்படி, 1000 சிசிக்கு உட்பட்ட காருக்கு ஆண்டுக்கு 2,094 ரூபாய். ஓட்டுபவர் சென்னையில் நேற்று லைசென்ஸ் எடுத்த பதினெட்டு வயதுக்காரராக இருந்தாலும் அவருடைய தாத்தாவாக இருந்தாலும் அதே தொகைதான். இளையவரின் ஆபத்தை இங்கே எல்லாரும் சேர்ந்து சுமக்கிறார்கள். பிரிட்டனில் அந்த ஆபத்தைத் தனியே பிரித்து, இளையவரிடமே விலைச்சீட்டாக நீட்டுகிறார்கள்.

அப்படிப் பிரிப்பதைச் சுலபமாக்கியது கம்ப்யூட்டர். 1985இல் தெற்கு லண்டனின் குரோய்டனில் பீட்டர் வுட் தொடங்கிய ‘டைரக்ட் லைன்’ தரகர்களை ஒதுக்கிவிட்டுத் தொலைபேசியிலேயே பாலிசி விற்றது. எதிர்முனையில் இருப்பவர் கேள்வி கேட்பார், பதிலைத் தட்டுவார், திரையில் விலை வரும். கட்டணப் புத்தகத்தில் அடங்காத நூறு விவரங்களை இப்போது விலைக்குள் கொண்டுவர முடிந்தது: வேலை, தெரு, இரவில் வண்டி நிற்கும் இடம். ஆபத்து குறைந்தவர்களை ஒவ்வொரு நிறுவனமும் கொத்திக்கொண்டு போக, பொதுக் குளத்தில் மிஞ்சியவர்களின் விலை ஏறியது. அப்படி மிஞ்சியவர்களையே குறிவைத்து 1993இல் வேல்ஸின் கார்டிஃப் நகரில் ‘அட்மிரல்’ தொடங்கியது. இளைஞர்கள், பெருநகரவாசிகள், வேகக் கார் வைத்திருப்பவர்கள் ஆகியோரை ஒதுக்காமல், அவர்களுக்கு ஏற்ற விலையைக் கணக்கிட்டால் பிழைக்கலாம் என்று அது நம்பியது. பிழைத்துக் காட்டவும் செய்தது. 2002இல் அதன் குழுமமே விலைகளை ஒப்பிட்டுக் காட்டும் இணையதளத்தையும் திறந்தது.

குடும்பங்களும் தங்கள் பங்குக்கு வழி தேடின. சிறிய எஞ்சின் கார் வாங்குவது முதல் வழி. அங்கே ஒவ்வொரு கார் மாடலுக்கும் இன்சூரன்ஸ் குரூப் எண் உண்டு. முன்பு 1 முதல் 20 வரை இருந்தது பின்னாளில் 50 வரை போனது. முதல் குரூப்பில் இருக்கும் காரைத் தேடிப் பிடிப்பது பெற்றோருக்கு ஒரு வேலை. 1995இல் அறிமுகமான ‘பாஸ் பிளஸ்’ பயிற்சியை முடித்துத் தள்ளுபடி கேட்பது இன்னொரு வழி. 1990களின் பிற்பகுதியில் சிட்ரோயன் நிறுவனம் சாக்ஸோ காரோடு ஓராண்டு இன்சூரன்ஸை இலவசமாகத் தந்தபோது, அந்தச் சின்னக் கார் இளைஞர்களின் தெருக்களை நிறைத்தது.

பாலிசியில் அம்மாவையோ அப்பாவையோ கூடுதல் ஓட்டுநராகச் சேர்ப்பதும் நியாயமான வழிதான். அவர்களும் அந்தக் காரை ஓட்டுகிறார்கள் என்றால் விலை பெரும்பாலும் இறங்கும். அதைத் தலைகீழாகத் திருப்பினால் வம்பு. மகன் நாள்தோறும் ஓட்டும் காருக்கு அப்பாவை முதன்மை ஓட்டுநராகக் காட்டுவது அங்கே மோசடி. நம்மூர்ச் சொல்லில் பினாமி. கண்டுபிடித்தால் பாலிசியைச் செல்லாது என்று அறிவிக்கலாம். அடிபட்டவருக்குக் கொடுத்த பணத்தைக் குடும்பத்திடமே திரும்ப வசூலிக்கலாம். ஈஸ்ட் ஹாம், டூட்டிங், ஹாரோ வட்டாரங்களில் வாழும் லண்டன் தமிழ்க் குடும்பங்கள் உட்பட, பெருநகரத்துப் பின்கோடு கொண்ட எல்லாருக்கும் இந்தச் சபலம் வருவது இயல்பு. அகப்பட்டால் அடி விழுவது பிள்ளைமேல். 1997 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ள புது ஓட்டுநர் சட்டப்படி, தேர்வு பெற்ற இரண்டு ஆண்டுக்குள் 6 தண்டனைப் புள்ளிகள் சேர்ந்தால் லைசென்ஸ் ரத்து. மறுபடியும் எல் போர்டு, மறுபடியும் தேர்வு. இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டிய ஒரு குற்றத்துக்கே 6 புள்ளிகள்.

2011 இந்த வரலாற்றில் ஒரு திருப்பம். பிரீமியம் கிடுகிடுவென ஏறுவதை நாடாளுமன்றப் போக்குவரத்துக் குழு அவ்வாண்டு விசாரித்தது. கழுத்துச் சுளுக்கு வழக்குகளும், விபத்துக்குள்ளானவர்களின் விவரங்களை வக்கீல்களுக்கு விற்றுக் கமிஷன் வாங்கும் பழக்கமும் அம்பலத்துக்கு வந்தன. 2013இல் அந்தக் கமிஷன் தடைசெய்யப்பட்டது. அதே 2011 மார்ச் 1 அன்று, லக்ஸம்பர்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றம், ஆண் பெண் என்று பார்த்துப் பிரீமியம் வைப்பது சமத்துவத்துக்கு எதிரானது என்று தீர்ப்பளித்தது. பெல்ஜியத்தின் நுகர்வோர் அமைப்பு ‘டெஸ்ட்-ஆஷா’ தொடுத்த வழக்கு அது. அதுவரை பதினேழு வயதுப் பெண்ணுக்கு ஆணைவிட வெகுவாகக் குறைந்த விலை. ஆண்பிள்ளைகளின் விபத்துகள் எண்ணிக்கையிலும் கொடுமையிலும் மிஞ்சி நின்றதே காரணம். 2012 டிசம்பர் 21 முதல் அந்த வேறுபாடு சட்டவிரோதம் ஆனது.

பாலினத்தைப் பார்க்கக் கூடாது என்றால் ஓட்டும் விதத்தையே பார்த்துவிடலாம் என்று நிறுவனங்கள் கறுப்புப் பெட்டிக்குத் திரும்பின. இதற்கும் முன்கதை உண்டு. ‘நார்விச் யூனியன்’ நிறுவனம், ஓடிய மைலுக்கு ஏற்ப விலை என்ற திட்டத்தைச் சோதித்துப் பார்த்து 2006இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. இளைஞர்கள் இரவு 11 முதல் காலை 6 வரை ஓட்டினால் மைலுக்குப் பன்மடங்கு கட்டணம். போதிய வரவேற்பில்லாமல் 2008இல் அதை நிறுத்திவிட்டார்கள். கருவியின் விலை குறைந்து, 2010 வாக்கில் புதிய நிறுவனங்கள் அதே யோசனையைக் கையில் எடுத்தபோது காலம் கனிந்திருந்தது.

உள்ளங்கைக்குள் அடங்கும் பெட்டி அது. டாஷ்போர்டுக்குப் பின்னாலோ முன்கண்ணாடியிலோ பொருத்திவிடுவார்கள். வேகம், பிரேக் போடும் முரட்டுத்தனம், வளைவில் திரும்பும் விதம், ஓட்டிய நேரம், போன இடம் எல்லாம் பதிவாகும். மறுநாள் காலை கைப்பேசிச் செயலியில் மதிப்பெண் வந்து நிற்கும். நல்ல மதிப்பெண்ணுக்குப் போனஸ் மைல்களோ அடுத்த ஆண்டில் விலைக்குறைப்போ கிடைக்கலாம். வேக வரம்பைப் பலமாக மீறினால் எச்சரிக்கை வரும், பிறகு பாலிசியே ரத்தாகும். ஒருமுறை ரத்தானால், அடுத்து எந்த நிறுவனத்திடம் போனாலும் அதைச் சொல்லியாக வேண்டும். விலை இன்னும் எகிறும். தாத்தா காலத்து இளைஞர் தரகரிடம் தன் வயதைச் சொன்னார், அவ்வளவுதான். இன்றைய இளைஞர் தன் ஒவ்வொரு பயணத்தையும் ஒப்படைத்துத் தள்ளுபடி வாங்குகிறார். பிள்ளைகள் மெதுவாக ஓட்ட இந்தப் பெட்டி உதவுகிறது என்றால் அதை வரவேற்கத்தான் வேண்டும். ஆனால் அந்தப் பதிவுகளை எத்தனை காலம் வைத்திருப்பார்கள், யாரிடம் காட்டுவார்கள் என்று பாலிசியில் கையெழுத்திடும் முன் கேட்டுக்கொள்ளும் உரிமை அந்தப் பிள்ளைகளுக்கு உண்டு.

அரசின் கையும் இந்த விலைக்குள் இருக்கிறது. 1994இல் 2.5 சதவீதமாகத் தொடங்கிய இன்சூரன்ஸ் பிரீமிய வரி, படிப்படியாக ஏறி 2017 ஜூன் முதல் 12 சதவீதம். பிரீமியம் அதிகமுள்ளவர் வரியும் அதிகம் கட்டுகிறார். சட்டத்துக்குக் கட்டுப்பட்டு வாங்கும் ஒன்றுக்கு, சம்பாதிக்கவே தொடங்காத வயதினர் அதிக வரி கட்டும் நிலை நியாயமாகத் தெரியவில்லை. தேர்வு பெற்ற முதல் மாதங்களில் இரவு ஓட்டத்துக்கும் நண்பர்களை ஏற்றுவதற்கும் வரம்பு விதிக்கும் படிநிலை லைசென்ஸை நியூசிலாந்து 1987இலேயே கொண்டுவந்தது. விபத்தைக் குறைத்து, அதன் வழியே விலையையும் குறைக்கலாம் என்று பிரிட்டனில் பல ஆண்டுகளாக அதைக் கேட்டுவருபவர்கள் இருக்கிறார்கள். வேலைக்கும் கல்லூரிக்கும் பஸ் இல்லாத கிராமத்துப் பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்ற எதிர்க்கேள்வியும் வலுவானதுதான்.

இதற்கிடையே போலித் தரகர்கள் முளைத்திருக்கிறார்கள். இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸ்அப்பிலும் ‘பாதி விலைக்கு இன்சூரன்ஸ்’ என்று வலை விரித்து, இளைஞர்களிடம் பணத்தை வாங்கிக்கொண்டு பொய்ச் சான்றிதழை அனுப்புகிறார்கள். அல்லது வயதையும் முகவரியையும் மாற்றி உண்மையான நிறுவனத்தில் பாலிசி எடுத்துக் கொடுக்கிறார்கள். இத்தகைய மோசடிகளை விசாரிக்க சிட்டி ஆஃப் லண்டன் காவல் துறையில் 2012 முதல் தனிப் பிரிவே இயங்குகிறது. சாலையோரக் கேமரா நம்பர் பிளேட்டைப் படித்து, இன்சூரன்ஸ் பதிவேட்டில் அந்த எண் இல்லை என்று காட்டிய நிமிடத்தில் போலீஸ்காரர் வண்டியை நிறுத்துவார். 2005 முதல் அவருக்கு உள்ள அதிகாரப்படி காரை அங்கேயே பறிமுதல் செய்யலாம். ஏமாந்த பிள்ளை காரை இழக்கும், கட்டிய பணத்தை இழக்கும், 6 புள்ளிகள் ஏறினால் லைசென்ஸையும் இழக்கும். பணம் அனுப்பும் முன், விற்பவர் பெயர் நிதித்துறைக் கண்காணிப்பு ஆணையத்தின் பதிவேட்டில் இருக்கிறதா என்று ஒரு தடவை தேடிப்பார்க்கலாம். அது இலவசம், சில நிமிட வேலை. அதைப் பள்ளியின் கடைசி ஆண்டிலேயே ஒவ்வொரு பிள்ளைக்கும் சொல்லிக்கொடுக்கலாம்.